நாற்பது ரூபாய்ப் பாசி

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடை ஒன்றில், "சாகாத செடியா ஒண்ணு குடு தம்பி" என்று கேட்டேன். என் கைபட்டு மணி பிளான்ட்டே செத்திருக்கிறது. பையன் பச்சையாக ஒரு கொத்தை எடுத்தான். "ஹைட்ரில்லா சார். மண்ணு வேணாம், உரம் வேணாம், வெளிச்சம் கொஞ்சமா இருந்தாலும் போதும். சும்மா மிதக்க விடுங்க. நாப்பது ரூபா."

பள்ளிக்கூடத்துச் சிநேகிதம்! புனலுக்கடியில் அதை அடைத்து, மேலே சோதனைக்குழாயைக் கவிழ்த்து, ஆக்ஸிஜன் குமிழி வருமா என்று வகுப்பே வாயைப் பிளந்து நின்றோம். அன்று மேகமூட்டம். வரவில்லை. "வந்ததா எழுதிக்குங்கடா" என்றார் வாத்தியார்.

கும்பகோணம் பஸ்ஸில் மடியில் பையோடு ஊர் திரும்பினேன். "என்ன சார், கீரையா?" என்றார் கண்டக்டர். எங்கள் வீராணம் ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து போய்ச் சுத்தமாகி, 2004 முதல் சென்னைக்குப் போகிறது. அதில் அரை லிட்டரைத் திருப்பிக் கொண்டுவந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பெரியப்பா தொட்டியைக் குனிந்து பார்த்தார். "வாய்க்கா பாசிய ஏன்டா கண்ணாடிக்குள்ள வச்சிருக்க?"

கையைப் பிடித்து வாய்க்காலுக்கே இழுத்துப்போனார். கரைக்குக் கரை அதேதான். கணுவுக்குக் கணு நட்சத்திரம் மாதிரி இலை. ஆள் வைத்துக் கூலி கொடுத்து வாரிப்போட்ட குவியல் கரையில் காய்ந்துகொண்டிருந்தது. விலையைச் சொல்லித் தொலைத்தேன். சாயங்காலத்துக்குள் டீக்கடை முழுக்கத் தெரிந்துவிட்டது.

"அமெரிக்காக்காரனே ஏமாந்திருக்கான் பெரியப்பா. 1950-களில் மீன்தொட்டிக்குன்னு இலங்கையிலேருந்து இதை ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனான். ஆறு, ஏரியெல்லாம் அடைச்சுக்கிச்சு. இப்போ சட்டம் போட்டுத் தடுக்கிறான்."

"அவன் அடுத்த தேசத்துலேருந்து வாங்கினான். நீ உன் கொல்லையில கெடக்கிறதை பஸ்ஸு சார்ஜ் கொடுத்து வாங்கியாந்திருக்க."

பதில் இல்லை. ஆனால் கடைப்பையன் பொய் சொல்லவில்லை. செடி சாகவில்லை. தோதுப்பட்டால் ஒரே நாளில் ஓர் அங்குலம் வளரும். நறுக்கினால், ஒரு கணு உள்ள துண்டுகூடத் தனிச்செடியாகிவிடும். நான் வாரம் ஒருமுறை நறுக்கினேன். அதாவது, வாரம் ஒருமுறை நட்டேன். இரண்டாம் மாதம், "உள்ள மீன் இருக்கா?" என்று கேட்டாள் மனைவி. இரை போட்டால் பச்சைக்குள் ஏதோ அசையும். அதுதான் மீன்களின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

நறுக்கிய மிச்சத்தைக் கொல்லையில் தாமரைக்கு மண் போட்டு வைத்த சிமெண்டுத் தொட்டியில் கொட்டினேன். தாமரை போயிற்று. ஒருநாள் ஆத்திரத்தில் அத்தனையையும் பிடுங்கியெறிந்தேன். இருபதே நாளில் முளைத்துவிட்டது! சேற்றுக்குள் பட்டாணி அளவில் கிழங்கு ஒளித்துவைத்திருக்கிறது, கள்ளப்பயல் செடி.

இதைத் தின்று தீர்க்கப் புல் கெண்டை இருக்கிறதாம். குஞ்சு எங்கே கிடைக்கும் என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

"கொளத்தூரு போயிடாத. முதல்ல வாய்க்கால்ல பாரு."