கோழிக்கணக்கு நோட்டு

1973-ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று எனக்கு நூல் நூற்க ஒரு தக்ளியும் ஒரு களைக்கொத்தியும் கொடுத்து, பத்தடிக்கு நாலடியில் ஒரு பாத்தியைக் காட்டி, "இது உன்னது" என்றார்கள். பாடப்புத்தகம் மறுவாரம்தான் வந்தது. திண்டுக்கல் பக்கம் காந்தியத் தொண்டர்கள் நடத்திவந்த ஆதாரப் பள்ளி அது. பள்ளிக்குப் பின்னால் ஒரு கேணி, முக்கால் ஏக்கர் காய்கறித் தோட்டம், இரண்டு மாடு, ஏழெட்டு வெள்ளாடு, கொஞ்சம் கோழிகள்.

அப்பாவுக்கு அந்தக் களைக்கொத்தியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஊரான் காட்டில் கூலிக்கு வெட்டியவர் அவர். "நாங்க பிடிச்ச மம்பட்டிய எம்புள்ளையும் பிடிக்கவா பள்ளிக்கூடம் அனுப்புறேன்?" என்று அம்மாவிடம் சத்தம் போட்டார்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. 1953-ல் ராஜாஜி அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் படிப்பு, மற்ற நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரான பிறகு அது கைவிடப்பட்டது. அப்பா அப்போது இருபது வயது வாலிபர். எதிர்ப்புக் கூட்டங்களுக்கு நடந்தே போய்க் கேட்டவர். பள்ளிக்கூடத்துக்குள் மண்வெட்டியைக் கண்டால் அவருக்கு வேறென்ன தோன்றும்? அவர் பயந்தது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் எங்கள் பள்ளியின் மண்வெட்டி வேறு வழியில் வந்தது. 1937-ல் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாடு, அதைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு, அந்தக் குழுவில் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. கைத்தொழில் வழியாகவே கணக்கும் மொழியும் கற்க வேண்டும், அதை எல்லாப் பிள்ளைகளும் செய்ய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அப்பன் தொழில் பிள்ளைக்கு என்ற பேச்சு அதில் கிடையாது. எங்கள் பள்ளியில் இந்தக் கொள்கையை யாரும் மேடை போட்டு விளக்கவில்லை. வேலைமுறை வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி வந்தது, அவ்வளவுதான். இன்று உன் பெயர் என்றால் இன்று நீ கேணியடி. நாளை தொழுவம். நாளை மறுநாள் எருக்குழி.

எருக்குழி முறைதான் ஊரைக் கலக்கியது. சாணமும் குப்பையும் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். எங்கள் வகுப்பில் நிலபுலன் உள்ள வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் முறை வந்த அன்று அவனுடைய அம்மா வாசலில் வந்து நின்று, அதற்கென்று ஆட்கள் இல்லையா என்று கேட்டார். எங்களுக்குத் தோட்டவேலை சொல்லிக்கொடுத்த தோட்டத்து ஐயா பதில் சொல்லவில்லை. கூடையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பையன் அம்மாவையும் பார்த்தான், ஐயாவையும் பார்த்தான். பிறகு இன்னொரு கூடையை எடுத்தான். எங்கள் தெருவிலிருந்து வந்த பிள்ளைகள் நாங்கள் நாலு பேர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கூட்டுவதும் அள்ளுவதும் எங்களுக்கு மட்டுமே எழுதிவைத்தது என்று அதுவரை நம்பியிருந்தவர்கள் நாங்கள். எங்கள் தெருப் பிள்ளைகளைப் போன்றவர்களைப் பார்த்துப் பார்த்துக் கழிப்பறை கழுவ வைத்தார்கள் என்று இன்றும் செய்தித்தாளில் வரும்போது எனக்கு அந்தக் கூடைதான் கண்ணில் நிற்கிறது.

அடுத்த ஆண்டு மாசியில் எனக்குக் கோழி முறை, அது மட்டும் தினம் மாறாது. அடைக்கோழிக்குப் பன்னிரண்டு முட்டை வைத்திருந்தோம். இருபத்தொரு நாளும் நோட்டில் எழுதிவந்தேன். இரண்டு கூமுட்டையாகிவிட்டது, ஒன்று ஓட்டுக்குள்ளேயே செத்தது, ஒன்பது குஞ்சு பொரித்தது. சாயங்காலம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே கல் வைக்க வேண்டும். ஒருநாள் பாண்டியாட்டத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று ஓடினேன். கல் வைக்க மறந்துபோனேன். காலையில் பஞ்சாரம் சாய்ந்து கிடந்தது. கீரி ஆறு குஞ்சுகளைத் தூக்கிவிட்டது. தாய்க்கோழி அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. அந்தச் சத்தம் ஐம்பது வருடம் கழித்தும் போகவில்லை.

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். ஐயா, "நோட்டுல எழுதிட்டு வா தாயி" என்றார். வைத்த முட்டை 12, பொரித்தது 9, கீரி தூக்கியது 6, இருப்பு 3 என்று எழுதிக் கொண்டுபோனேன். படித்துவிட்டு, "காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, காலியா விட்டிருக்கியே" என்றார். அழுதுகொண்டே 'கல் வைக்கவில்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டார். அடுத்த கோழி முறைக்கும் என் பெயரையே எழுதினார்.

அவர் என்னை அடித்திருந்தால் நான் அடியைத்தான் நினைவில் வைத்திருப்பேன். முறையைப் பறித்திருந்தால் எனக்கு லாயக்கில்லை என்று நம்பியிருப்பேன்.

பிறகு நானே ஆசிரியை ஆனேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் முப்பத்திரண்டு வருடம். போன இடமெல்லாம் சத்துணவுக் கூடத்தை ஒட்டி முருங்கையும் கீரையும் போட்டேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.-1 முருங்கை, விதை போட்ட வருடத்திலேயே காய்த்துவிடும். பிள்ளைகளுக்கு அது முக்கியம். மூன்று வருடம் காத்திருக்கச் சொன்னால் ஐந்தாம் வகுப்பு முடிந்து போய்விடுவார்கள். சிறுகீரை இன்னும் சீக்கிரம், இருபத்தைந்தாம் நாள் பிடுங்கலாம். தட்டு கழுவுகிற தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டோம். தாங்கள் போட்ட கீரை சாம்பாரில் விழுந்த அன்று, கீரையை ஒதுக்கிவைக்கும் பிள்ளைகூடத் தட்டை வழித்துச் சாப்பிட்டது. ஒரு மே மாத விடுமுறையில் முறை வைத்தும் தண்ணீர் ஊற்ற ஆள் வராமல் எல்லாம் கருகியது. ஜூனில் அந்தக் கருகிய பாத்தியின் முன்னால்தான் முதல் வகுப்பு நடத்தினேன். மூன்று தலைகள் குனிந்திருந்தன. யார் முறை என்று நான் கேட்கவே இல்லை.

2019-ல் மத்திய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டத்துக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டபோது நான் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தேன். மனம் நிறைந்துதான் படித்தேன்.

இப்போது பேத்தி கோயம்புத்தூரில் படிக்கிறாள். அங்கேயும் தோட்டம் உண்டு, அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. எந்தக் களைக்கொத்தியைக் கண்டு என் அப்பா கொதித்தாரோ, அதைத் தன் பிள்ளை கையில் கொடுப்பதற்கு அவர் பேத்தி, என் மகள், பணம் கட்டுகிறாள். எனக்கு அதில் வருத்தமில்லை. கூலிக்காரர் பேத்தி விரும்பித் தேர்ந்தெடுக்கிற நிலைக்கு வந்திருக்கிறாள். அப்பா இருந்தால் முதலில் திட்டியிருப்பார், பிறகு வந்து மண்ணைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

வருத்தம் வேறு இடத்தில். போன வருடம் அந்தத் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். பைகளில் தக்காளிச் செடிகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர்ப் பலகை. சொட்டுநீர்க் குழாய் நேரம் வைத்தபடி தானே திறந்து தானே மூடிக்கொள்கிறது. வாடினால் தோட்டக்காரர் வேறு செடி வைத்துவிடுகிறார். "அம்மாச்சி, என் செடி நல்லாருக்கு பாருங்க" என்றாள் பேத்தி. "நீ என்ன செஞ்ச கண்ணு?" என்றேன். யோசித்தாள். "வெள்ளிக்கிழமை போட்டோ எடுப்பாங்க" என்றாள். ஒரு செடி வாடுவதைக்கூட அந்தக் குழந்தையின் கண்ணில் படாமல் மறைத்துவிட்டார்களே என்று நெஞ்சு கனத்தது.

வீட்டு மொட்டைமாடியில் ஐந்து மிளகாய் நாற்றை அவளிடம் ஒப்படைத்தேன். ஒரு சொம்பு, ஒரு நாற்பது பக்க நோட்டு. மகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன், நீயும் ஊற்றக் கூடாது, நானும் ஊற்ற மாட்டேன் என்று. சித்திரை வெயில். இரண்டாவது வாரம் ஒரு பிறந்தநாள் விருந்து, மறுநாள் ஏதோ படம். இரண்டு நாற்று சுருண்டு செத்தது. என் கை சொம்பைத் தேடித் தேடிப் போனதை நான் அடக்கிக்கொண்டது எனக்குத்தான் தெரியும். அவள் தேம்பியபடி கீழே வந்தபோது நோட்டை நீட்டினேன். நட்டது 5, செத்தது 2, இருப்பு 3. காரணம் என்ற கட்டத்தில் நெடுநேரம் பென்சிலை வைத்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் குலதெய்வம் கும்பிட ஊருக்குக் கிளம்பினோம். எல்லோரும் காரில் ஏறியாகிவிட்டது, பேத்தியைக் காணவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கீழ்வீட்டுப் பையன் கையில் சொம்பைக் கொடுத்து, "ஒண்ணரைச் சொம்பு, வேர்ல ஊத்து, இலைமேல ஊத்தாத, ஏழு மணிக்குள்ள வந்துடணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே மருமகன் ஹாரன் அடித்தார். "இருங்கப்பா" என்று கத்திவிட்டு, நோட்டில் அவன் பெயரை எழுதச் சொல்லி அவனிடம் பென்சிலை நீட்டினாள்.