இட்டேரிப் பழப்பறிப்பு இலக்கணம்

உயிர்களை ஆறாக வகுத்த தொல்காப்பியர், வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று மரபியலில் இன்னொரு கோடும் கிழித்தார். அதன்படி பனை ஒரு புல். நுங்கு வெட்ட ஏறுகிறவர் புல்லில்தான் ஏறுகிறார். 1753இல் லின்னேயஸ் செடிகொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டி அடுக்கினார். வாத்தியாரோடு பழம் பறிக்கப் போகும் ஏழாம் வகுப்பை எதில் சேர்ப்பது என்று இருவருமே சொல்லவில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இச்சிறுநூல்.

முதலில் நிலம். சீனாவில் ஆசிரியர்கள் மாணவர்களை ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்துக்கு அழைத்துப் போவதுண்டு. பாலித்தீன் கூடாரம், வரிசைப் பாத்தி, ஆளுக்கொரு கூடை, வாசலில் எடை போட்டுக் காசு. முள் இல்லாத இடத்தில் இலக்கணத்துக்கு வேலை இல்லையாதலால் அது விலக்கப்பட்டது. திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயம் பக்கத்து நிலம் வேறு. மழை குறைந்த மேட்டுக் காட்டைக் கிளுவை வேலியால் அடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாட்டுக்கு விட்டு வைப்பது கொரங்காடு. இரண்டு வேலிக்கு நடுவே போகும் தடம் இட்டேரி. வேலிக்குள் காய்ப்பது காட்டுக்காரருக்கு. இட்டேரிப் பக்கம் தலைநீட்டிக் காய்ப்பது குருவிக்கும் பள்ளிக்கூடத்துக்கும். பத்திரத்தில் இல்லாத இந்தச் சட்டத்தை மீறியவரும் அதிகமில்லை.

பழங்களைக் குடும்பம் பார்த்துப் பிரிப்பது வாத்தியார் வழக்கு. தடை பார்த்துப் பிரிப்பது மாணவர் வழக்கு, வலியது இதுவே. இலந்தை, சூரை, சங்கம்பழம் ஆகியன முள் தடை. நாவல் உயரத் தடை. கோணப்புளியங்காய்க்கு முள், உயரம் இரண்டும் உண்டு. மெக்சிகோவிலிருந்து வந்த மரம், நம் இலக்கணத்துக்குக் கட்டுப்படாததில் வியப்பில்லை. மூன்றாவது, ஐயத் தடை. உண்ணிப்பழம் கறுத்தால் பிள்ளைகள் தின்பார்கள், பச்சையாக இருந்தால் நஞ்சு. குன்றிமணிக்கு ஐயமே வேண்டாம், தொடவே கூடாது. வாத்தியார் உடன் போவதற்கு உண்மையான காரணம் இந்த மூன்றாம் வகைதான். மற்ற இரண்டுக்கும் அவர் தேவைப்படுவதில்லை.

சப்பாத்திக்கள்ளிக்குத் தனி இயல் வேண்டும். அதற்கு முள் இருவகை. கண்ணுக்குத் தெரிவது குத்தும். தெரியாதது மயிர்போல் விரலில் ஏறி இரவு வரை உடனிருக்கும். குச்சியால் தட்டி, மண்ணில் புரட்டித் தேய்த்து, பிளந்து, நடுவிலுள்ள தொண்டை முள்ளை எடுத்த பிறகே வாயில் வைக்க வேண்டும் என்பது மாணவர் மரபு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர், சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்க்கவென்றே சென்னையில் கள்ளித் தோட்டம் போட்டார். சாயத்தில் லாபம் வரவில்லை. பின்னாளில் கள்ளி பெருகித் தொல்லையானபோது, 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு வகைச் சாயப்பூச்சியைக் கொண்டுவந்து அடக்கினார்கள். பூச்சிச் சிவப்பு வேறு, பழச் சிவப்பு வேறு என்று அறிக. சாயத்துக்குப் பேர்போன திருப்பூர் மாவட்டத்தில் பின்னதை உற்பத்தி செய்கிறவர்கள் ஏழாம் வகுப்பு மாணவர் மட்டுமே. வெள்ளைச் சட்டையில் பட்டுவிட்டால், யார் தின்றது என்று விசாரிக்க வேண்டியதில்லை.

பறிப்போர் வகை சுருங்கச் சொல்லப்படும்: ஏறுவோர், தொரட்டி போடுவோர், கீழே மடியேந்துவோர், "சார், இது திங்கலாமுங்களா?" என்று தின்றுகொண்டே கேட்போர். மறுநாள் வகுப்பில் அதையே விலைக்கு விற்போரும் உளர், ஊர் அப்படி.

ஆசிரியர் இருவகை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலை எண்ணுவோர். எண்ணிக்கையை மறந்து தாமும் நாக்கை நீட்டி நிறம் பார்ப்போர். பிந்தியவரிடம் படித்த பிள்ளைகளுக்கே மரங்களின் பெயர் தெரிகிறது என்பது இந்நூலின் துணிபு.

கிளுவையைப் பிடுங்கிக் கம்பி வேலி போடுகிற காலம் இது. கம்பி எந்த மாதத்திலும் காய்ப்பதில்லை. ஆகவே போக நினைக்கும் ஆசிரியர்கள் இந்த வருஷமே போங்கள். உப்பும் மிளகாய்ப்பொடியும் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். தொரட்டியை ஆடு மேய்ப்பவரிடம் கேட்டு வாங்கலாம். பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவருடைய ஆடுகளுக்கும் வேலங்காய் உலுக்க வேண்டும்.