வலி நின்னுடுச்சு டாக்டர்

தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். இவருக்குப் பல்வலி ராத்திரியில்தான் வரும். படுத்ததும் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடி, பல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும் நரம்பு விண்விண்ணென்று தெறிக்கும். வீட்டிலுள்ள லைட்டையெல்லாம் போட்டுவிட்டு, "நான் துடிக்கிறேன், உங்களுக்குத் தூக்கம் கேக்குதா?" என்பார். கிராம்பு, உப்புத் தண்ணீர், மெடிக்கல் ஷாப் மாத்திரை எல்லாம் உள்ளே போகும்.

காலையில் கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வலி இருக்காது. அப்படியே திரும்பிவிடுவார்.

இப்படியே மாதங்கள் ஓடி, ஒருநாள் வலி சுத்தமாக நின்றுவிடும். கிராம்பின் மகிமையைத் தெரு முழுக்கச் சொல்வார். உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கும். அது இவருக்குத் தெரியாது. கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிய பிறகுதான் மனைவி டோக்கன் போடுவார்.

காத்திருக்கும் பெஞ்சில் இவர்தான் பெரிய டாக்டர். "மேல்பல்லைப் பிடுங்கினா பார்வை போயிடும். க்ளீன் பண்ணினா பல்லெல்லாம் ஆடும்." இரண்டும் பொய். பல்லில் படிந்த காரை முட்டுக்கொடுத்து நின்ற பல், க்ளீன் பண்ணிக் காரை போனதும் தன் நிஜ நிலைமையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் இவர் பேச்சைக் கேட்டு ஒருவராவது எழுந்து போய்விடுவார்.

"நரம்பு செத்துடுச்சு, ரூட் கேனல் பண்ணணும்" என்பார் டாக்டர்.

"செத்ததுக்கு எதுக்கு டாக்டர் வைத்தியம்?"

பிறகு பேரம். இருப்பது 32 பல், ஒன்று போனால் என்ன, பிடுங்க எவ்வளவு? கடைசியில் வாயைத் திறப்பார். முதல் நாள் டாக்டர் வைக்கும் தற்காலிக அடைப்பிலிருந்து கிராம்பு வாசனை வரும். கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினாலைத்தான் அதிலும் சேர்க்கிறார்கள். மரத்துப்போன உதட்டோடு இவர் குழறுவார்: "என் கிராம்பையே எனக்கு வெச்சுட்டு என்கிட்டயே காசா?"

இரண்டு மூன்று தடவை வந்து வேர் அடைப்பு முடிந்ததும் ஆள் மாயம். அதற்குமேல் கேப் போட வேண்டும். வரவேற்பிலிருக்கும் பெண் போன் செய்தால், "ஊர்ல இல்லம்மா" என்பார், பின்னணியில் தெருக் கீரைக்காரியின் குரல் கேட்க. கேப் போடாத பல் எத்தனை நாள் தாங்கும்? தீபாவளி முறுக்கில் அது இரண்டாகப் பிளக்கும்.

உடைந்த துண்டைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, இந்த முறை டோக்கன்கூடப் போடாமல் நேரே உள்ளே போவார். "பாத்தீங்களா டாக்டர், உங்க வேலை சரியில்ல."