ஒரு கோடி கடுதாசி

கேள்வி: புள்ளியியல் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். சர்வேயில் ஆட்கள் கூடக் கூட முடிவும் சரியாகிவிடும்தானே?

பதில்: 1936-ல், அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, அந்நாட்டின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகையும் அப்படித்தான் நினைத்தது. டெலிபோன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல் எல்லாம் புரட்டி, சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்தது 20 லட்சத்துக்கும் மேல். அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்றவரைக் காட்டி, ‘ஜெயிக்கப் போவது லாண்டன்’ என்று அச்சடித்தார்கள். அப்போதிருந்த 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார்!

அது பொருளாதார மந்தக் காலம். போனும் காரும் வைத்திருந்தவர் பெரும்பாலும் வசதியானவர். ரூஸ்வெல்ட் மேல் அவர்களுக்கு அத்தனை பிரியமில்லை. போதாததற்கு, முக்கால்வாசிப் பேர் பதிலே போடவில்லை. கோபக்காரர்தான் முதலில் தபால்பெட்டிக்கு ஓடுவார் (என் மேஜைக்கு வரும் கடிதங்களே சாட்சி). அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் காலப், இதைவிட மிகக் குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொன்னார்.

ரசத்தைக் கலக்காமல் மேல்தெளிவை மட்டும் ஒரு அண்டா குடித்தாலும், அடியில் கிடக்கும் உப்பு தெரியாது. கலக்கிவிட்டால் ஒரு கரண்டி போதும். ஆகவே ‘எத்தனை பேர்?’ என்பதற்கு முன்னால் ‘யார் யார்?’ என்று கேளுங்கள்.

1938-ல் அந்தப் பத்திரிகையே நின்றுபோனது. இந்தப் பதில் எத்தனை பேருக்குப் பிடித்தது என்று நான் சர்வே எடுப்பதாக இல்லை!