மோதிப் பார்த்த காலம்

ஒரு காரை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதவிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும் பொம்மைக்கு என்ன ஆயிற்று என்று பார்த்து நட்சத்திரம் கொடுக்க குளோபல் என்கேப் என்றொரு அமைப்பு இருக்கிறது. 2016-இல் மலிவு விலை ரேசிங் ட்ரோன்களுக்கு அப்படி யாரும் இல்லை. கோவை வட்டாரத்தைப் பொறுத்தவரை அந்தக் கைங்கரியத்தை நான்தான் செய்துவந்தேன். சம்பளம் கிடையாது. பொம்மை வேலையும் எனக்கே.

அந்த வருடம் மார்ச்சில் துபாயில் நடந்த ட்ரோன் பந்தயத்தில் லூக் பானிஸ்டர் என்ற 15 வயது இங்கிலாந்துப் பையனின் அணி முதல் பரிசாக இரண்டரை லட்சம் டாலரைத் தட்டிக்கொண்டு போனது. மீசை முளைக்காத பையனுக்கு வருவது, பம்பு கம்பெனியில் டிசைன் பார்க்கிறவனுக்கு வராமலா போய்விடும்? அன்றே ஆர்டர் போட்டேன். பார்சலைப் பார்த்த அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஏங்கண்ணு, இதுல மருந்தடிக்க முடியுமா?” நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! 2023-இல் மத்திய அரசு ‘நமோ ட்ரோன் தீதி’ என்று 15,000 மகளிர் குழுக்களுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தபோது, அத்தை அதை நினைவில் வைத்திருந்து சொல்லிக்காட்டினார். பரிசுப் பணத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அதுவே பெருந்தன்மை.

வாங்கியது ட்ரோன் என்று பில்லில் இருந்தது. பெட்டியில் இருந்தவை கருப்பு கார்பன் ஃபைபர் தகடுகள், நான்கு மோட்டார், மோட்டாருக்கு ஒன்றாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி, ஒரு ஃப்ளைட் கன்ட்ரோலர், விரல்நகம் அளவு கேமரா, ஒரு பொட்டலம் நிறைய ஸ்க்ரூ. எந்த ஸ்க்ரூ எங்கே போகும் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. குறுக்கு மூலை மோட்டார்களுக்கு இடையே 250 மில்லிமீட்டர். அதனால் அந்த வகைக்குப் பெயரே 250. இன்று கல்யாண வீட்டில் பறக்கும் கேமரா ட்ரோன், ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தாலும் காற்றில் அப்படியே நிற்கிறது, சார்ஜ் குறைந்தால் தானாக வீடு திரும்புகிறது. என்னுடையதற்கு ஜிபிஎஸ் கிடையாது, வீடு எது என்று தெரியாது, நிற்கவும் தெரியாது. ‘ரேசிங்’ என்ற சொல்லுக்கு உள்ளே இவ்வளவும் அடக்கம்.

சால்டர் வைத்து முடித்ததும் மோட்டார்களில் இரண்டு தப்பான திசையில் சுற்றின. குறுக்கு மூலைகளில் இருக்கும் ஜோடி ஒரு பக்கமும், மற்ற ஜோடி எதிர்ப்பக்கமும் சுற்ற வேண்டும்; இல்லாவிட்டால் எழும்பும் முன்பே குப்புற விழும். இணையத்தில் ராத்திரி முழுக்கத் தேடிவிட்டு, காலையில் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். நெல்லிக்காய் அளவு மோட்டார். உள்ளே செப்புக் கம்பி அவர் கட்டுகிற அதே ஒழுங்கில் சுற்றியிருந்தது. மூன்று ஒயர் வெளியே வந்திருந்தது.

“மூணு ஃபேஸுங்க. போர் மோட்டார் தலைகீழாச் சுத்துனா என்னுங்க பண்ணுவோம்? ஏதாவது ரெண்டு ஒயர மாத்திப் போட்டா ஆச்சுங்க.”

ஆச்சு. பம்பு கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருந்ததே என்று அவர் நினைத்திருந்தாலும் முகத்தில் காட்டவில்லை. பேட்டரியை நேராகச் சொருகப் போனவனைத் தடுத்து, வண்டி இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தேடி எடுத்து, பேட்டரிக்கும் ட்ரோனுக்கும் நடுவில் சீரிஸில் கொடுத்தார். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று நின்று எரியும், போர்டு பிழைக்கும். ஷார்ட் இல்லையென்றால் லேசாக மினுக்கி அடங்கிவிடும். அன்று பளிச்சென்று எரிந்தது. கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும் சாதி. ஒரு பிசிறு ஒயர் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதே உத்தி இன்று ‘ஸ்மோக் ஸ்டாப்பர்’ என்ற பெயரில் அழகான உறையில், விலை ஒட்டி விற்கிறது. அண்ணன் டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

பறக்கவிட்ட இடம் கிணத்துக்கடவுப் பக்கம் பெரியப்பாவின் தென்னந்தோப்பு. மைதானம் கிடைக்கவில்லையா என்று இப்போது கேட்கிறவர்கள், மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்களின் அம்மாக்களைச் சந்தித்ததில்லை. ரேசிங் ட்ரோனில் இரண்டு விதமாக ஓட்டலாம். ஆங்கிள் மோடில் ஸ்டிக்கை விட்டால் தானாகச் சமநிலைக்கு வரும். அக்ரோ மோடில் எந்தச் சாய்வில் விட்டீர்களோ அந்தச் சாய்விலேயே போய்க்கொண்டிருக்கும், எதிரே ஏதாவது வரும்வரை. பந்தயக்காரர்கள் எல்லோரும் அக்ரோ. ஆங்கிளில் ஓட்டுவது கௌரவக் குறைச்சல் என்று அந்த நாளில் ஒரு கருத்து இருந்தது. அதைப் பரப்பியதில் ப்ரொப்பல்லர் விற்கிறவர்களுக்குப் பங்கிருக்கும் என்பது என் சந்தேகம்.

கண்ணை மூடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் உலகம் ட்ரோனின் மூக்கிலிருந்து தெரியும். மட்டைகளுக்கு நடுவே ஒரு வெளிச்ச இடைவெளி, அதற்குள் நுழைகிறோம், உடம்பு நாற்காலியில் இருந்துகொண்டே சாய்கிறது. அந்த நொடிகளுக்காக எதையும் கொடுக்கலாம். கொடுத்தேன். அடுத்து படம் புள்ளி புள்ளியாகச் சிதறும், பிறகு வானம் மட்டும் அசையாமல் தெரியும். வானம் அசையாமல் தெரிந்தால் மல்லாக்க விழுந்திருக்கிறது என்று பொருள். மரத்திலேயே தங்கிவிட்டால் தேங்காய் போடுகிறவர் வரவேண்டும்.

“ஏனுங் தம்பி, எந்த மரமுங்க?”

“மூணாவது வரிசைங்கண்ணா. சத்தம் கேக்குது பாருங்க.”

பாளைக்கும் மட்டைக்கும் நடுவிலிருந்து பஸ்ஸர் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும். அவர் ஏறி, முதலில் இரண்டு குலையை வெட்டிப் போட்டுவிட்டு, வந்ததற்கு வேலையாயிற்று என்று இதையும் எடுத்துக்கொண்டு இறங்குவார். ஒரு மரத்துக்கு என்ன கூலியோ அதுவேதான் ட்ரோனுக்கும். கிட்டில் வந்த ப்ரொப்பல்லர்கள் மரத்தைத் தொட்டாலே முறியும் ரகம். பிறகு பாலிகார்பனேட்டில் வந்தவை வளைந்தன. கையால் நிமிர்த்தி மறுபடி போட்டுக்கொள்ளலாம். மனித குலத்துக்கு அந்தப் பிளாஸ்டிக் செய்த நன்மையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு பேட்டரி நான்கைந்து நிமிடம் தாங்கும். சார்ஜ் ஏற ஒரு மணி நேரம். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது, மூன்றரைக்குக் கீழே இறக்கக் கூடாது, ஏற்றும்போது பக்கத்தை விட்டு நகரக் கூடாது, வீங்கினால் தொடக் கூடாது. கைக்குழந்தை இருந்த வீட்டில் அதைவிட அதிகமாக லிப்போ பேட்டரியைக் கவனித்தேன் என்று என் மனைவி இன்றும் சொல்வதுண்டு. இரண்டும் நன்றாகத்தான் வளர்ந்தன.

சட்டம் என்ன சொன்னது என்று கேட்பீர்கள். 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், விதிமுறைகள் வரும்வரை தனியார் யாரும் ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று அறிவித்திருந்தது. யாராவது வழக்குப் போட்டிருந்தால், இந்தப் பொருள் பறந்தது என்பதை முதலில் நிரூபியுங்கள் என்று வாதாடியிருப்பேன். என் பக்கம் சாட்சிக்கு ஒரு தோப்பே இருந்தது. இன்று 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் இருக்கின்றன. வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மண்டலம் பார்க்கலாம். பச்சையில் 400 அடி வரை அனுமதி. எனக்கு நானூறு அடி தேவைப்பட்டதே இல்லை. தென்னை அறுபது, எழுபது அடியோடு என் பயணத்தை முடித்துவைத்துவிடும்.

2022 பிப்ரவரியில் இன்னொரு உத்தரவு வந்தது. வெளிநாட்டிலிருந்து ட்ரோனை முழுதாகவோ, பிரித்த கிட்டாகவோ இறக்குமதி செய்யக் கூடாது, ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்குத்தான் விலக்கு; உதிரிபாகம் வரலாம். அதாவது தனித்தனிப் பாகமாக வந்து, வீட்டில் சால்டர் வைத்து, பல்பு போட்டுப் பார்த்து உருவாகும் ட்ரோனே சட்டத்துக்கு உகந்தது. என் வழிமுறையை அரசாங்கம் ஆறு வருடம் கழித்து ஏற்றுக்கொண்டது என்றுதான் இதை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதே குடும்பத்து ட்ரோன்கள், இறக்கை கொஞ்சம் நீண்டு, அடியில் வெடிமருந்து கட்டி, உக்ரைன் போரில் பறக்கின்றன. அதே மஞ்சள் எக்ஸ்டி60 பேட்டரி கனெக்டர், அதே கண்ணாடி. மோதுவதற்கென்றே செய்யப்பட்டவை. அந்தக் காணொளிகளிலும் கடைசியில் படம் புள்ளி புள்ளியாகச் சிதறி அணைகிறது. இதை வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை. மேலே போகிறேன்.

இப்போது அக்கா மகன் வைத்திருப்பது உள்ளங்கையில் அடங்கும் ‘வூப்’. ப்ரொப்பல்லரைச் சுற்றி வளையம். சுவரில் மோதினால் சுவரும் பிழைக்கிறது, அதுவும் பிழைக்கிறது. கவிழ்ந்தால் ஒரு சுவிட்ச். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றித் தானே நிமிர்ந்துகொள்ளும். ஆமை மோட் என்று பெயர். நிமிர்த்தி வைப்பதற்காகவே தோப்புக்குள் செருப்பில்லாமல் ஓடிய காலத்தைச் சொன்னால், “ஏன் மாமா, சிமுலேட்டர்ல பழகிட்டுப் போயிருக்கலாமில்ல?” என்கிறான். அவன் நிஜ ட்ரோனைத் தொடுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் ஓட்டியவன். முதல் நாளே அக்ரோ. கூடத்து மின்விசிறிக்கு மேலே ஒரு சுற்று, டைனிங் டேபிளுக்கு அடியில் ஒரு சுற்று. அவனுக்கு இஎஸ்சி என்றால் என்னவென்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை.

ஆனால் அவனுக்கும் மேலே ஆள் வந்துவிட்டது. சூரிச் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘ஸ்விஃப்ட்’ என்ற ட்ரோன், சிமுலேட்டருக்குள்ளேயே தானாக விழுந்து எழுந்து கற்றுக்கொண்டு, மனிதச் சாம்பியன்கள் மூவரோடு மோதி 25 பந்தயங்களில் 15-ஐ ஜெயித்தது. 2023-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இதைப் பையனிடம் சொன்னபோது முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை நான் கொஞ்சம் ரசித்தேன்.

அவன் வற்புறுத்தலில் என் லேப்டாப்பிலும் சிமுலேட்டர் போட்டிருக்கிறேன். விழுந்தால் ஒரே பட்டன், அடுத்த நொடி புதிதாகக் கிளம்பலாம். கூலி கிடையாது, குலை வெட்டக் காத்திருக்க வேண்டியதில்லை. நன்றாகவே ஓட்டுகிறேன் என்று பையனே ஒப்புக்கொள்கிறான். நான் ஓட்டும் மைதானத்தில் ஒரு தென்னைகூட வைக்கவில்லை.