பருவுக்குப் பூச்சு போதுமா?

கேள்வி: ஹார்மோனால் வரும் முகப்பருவுக்கும் பெண்களின் முடி உதிர்வுக்கும் மேலே பூசும் மருந்து எப்படிப் பலன் தரும்? கோளாறு ரத்தத்தில் அல்லவா இருக்கிறது?

பதில்: பலருக்கு ரத்தத்தில் இல்லை என்பதுதான் விஷயமே. தாடையோரப் பருவால் அவதிப்படும் பெண்கள் பலருக்கும் ரத்தப் பரிசோதனையில் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு சரியாகவே இருக்கும். அந்த ஹார்மோனுக்குத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள்தான் அளவுக்கு மீறித் துள்ளுகின்றன. ஒரு தெருச் சண்டைக்கு ஊர் முழுக்க ஊரடங்கு எதற்கு? 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிளாஸ்கோடெரோன் 1% கிரீம், சுரப்பியில் ஆண்ட்ரோஜன் உட்காரும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையோ உடல் முழுக்கப் போகிறது. மாதவிடாய் தடுமாறலாம், கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது.

இந்த கிரீமுக்குப் பலன் குறைவு என்ற ஆட்சேபம் பொய்யில்லை. 12 வார ஆய்வுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் முகம் தெளிந்தது. மருந்தில்லாத கிரீம் பூசியவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அது தனியாகப் பூசிய கணக்கு. பருவுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்தே தருவார்கள். முடி விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம்: பெண்களுக்குப் பூசும் மருந்துகளில் நீண்ட கால ஆதாரம் மினாக்ஸிடிலுக்கே உண்டு, அது ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்தே அல்ல. மாதவிடாய் முறைதவறி, முகத்தில் முடியும் வளர்ந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கே கிரீம் மட்டும் போதாது.