ஐம்பத்தேழு இட்லிக்கு ஒரு யூனிட்

அம்பத்தூர்க்காரர்களுக்கு மிதிப்பது பரம்பரைச் சொத்து. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் எங்கள் ஊர்க்கம்பெனி. ஹேண்டில்பாரில் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போன ஆள் இல்லாத வீடு இங்கே குறைவு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ரிட்டயரான என் மாமனாருக்குக் கூடுதலாக ஒரு நம்பிக்கை: மிதிக்கிற எதிலிருந்தும் கரண்ட் எடுத்துவிடலாம்.

விதை போட்டது வர்தா. 2016 டிசம்பர் 12 அன்று அடித்த புயலில் மரமும் கம்பமும் சேர்ந்து சாய, எங்கள் தெரு நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்த கடைக்காரர் போனுக்குச் சார்ஜ் ஏற்றக் காசு கேட்டார். மாமனாருக்குப் பொறுக்கவில்லை. பரண்மேல் கிடந்த சைக்கிள் டைனமோவை இறக்கினார்.

டைனமோ அதிசயமான பொருள். டயரில் உரசி ஓடும்; 6 வோல்ட், 3 வாட். விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்பதற்காக மாட்டியது. ரோட்டைப் பார்ப்பதற்கு என்று சொல்ல முடியாது. வேகமாகப் போனால் வெளிச்சம் வரும், எதிரே பள்ளமா என்று நிதானித்தால் அணைந்துவிடும்.

இதைத்தான் எங்கள் வீட்டு எக்சர்சைஸ் சைக்கிளின் சக்கரத்தில் பொருத்தினார். ரிச்சி தெருவில் நாலு டயோடு, ஒரு கெபாசிட்டர், ஒரு 7805 ரெகுலேட்டர். போன் சார்ஜ் ஆனது, சத்தியமாக. ஆனால் 5000 எம்.ஏ.எச். பேட்டரிக்குள் சுமார் 19 வாட்-மணி அடங்கும். 3 வாட் டைனமோ அதை நிரப்ப, வழியில் விரயமாவதையும் சேர்த்தால், எட்டு மணி நேரம் ஆகும். அதே மிதியை ரோட்டில் மிதித்தால், பூந்தமல்லியில் ஏறியவர் போன் நிறையும்போது வேலூர்க் கோட்டை வாசலில் நிற்பார்.

அடுத்து மின்விசிறிக்குக் கண் வைத்தார். பழைய மாடல், 75 வாட். நல்ல தேகக்கட்டுள்ள மனிதர் விடாமல் மிதித்தால் 75-லிருந்து 100 வாட் தரலாம். ஆகவே விசிறி சுற்றும். மிதிப்பவருக்குக் கொட்டுகிற வியர்வையை ஆற்ற அந்த ஒரு விசிறி போதுமா என்பதுதான் கேள்வி.

மிக்ஸி பேச்சையே எடுக்கக் கூடாது. அது 750 வாட். லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ஜெர்மன் சைக்கிள் வீரர் ராபர்ட் ஃபோர்ஸ்டெமன் 2015-ல் 700 வாட் டோஸ்டரை மிதித்தே சூடாக்கினார். வாட்டியது ஒரு ரொட்டித் துண்டு. முடிந்ததும் தரையில் சாய்ந்துவிட்டார். அவர் தொடையைப் படத்தில் பார்த்தவர்கள் தேங்காய்ச் சட்னிக்கு ஆசைப்பட மாட்டார்கள்.

நான் கணக்குப் போட்டேன். 100 வாட்டில் பத்து மணி நேரம் மிதித்தால் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கம் சும்மா தருகிற 100 யூனிட்டை நாமே உண்டாக்க ஆயிரம் மணி நேரம், அதாவது தினமும் பதினாறு மணி நேரத்துக்கு மேல். தீனிச் செலவு தனி. தின்பதில் கால்வாசிதான் காலுக்கு வேலையாகப் போகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 3,440 கலோரி உள்ளே தள்ள வேண்டும். இட்லி ஒன்றுக்கு 60 கலோரி என்றால் ஐம்பத்தேழு இட்லி. சாம்பாரைச் சேர்க்கவில்லை. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி விற்கிற விலைக்கு, மின்வாரியம் நமக்குச் செய்வது தர்மம்.

மாமனாரை முழுக்க மட்டம் தட்டுவதும் நியாயமில்லை. அந்த நாளில் 3 வாட்டுக்குக் கிடைத்தது மஞ்சள் பொட்டு வெளிச்சம். இன்று அதே 3 வாட்டில் எல்.இ.டி. பல்பு போட்டு வீட்டோடு உட்கார்ந்து சாப்பிடலாம். மனிதன் அதே நோஞ்சான்தான், பாரம் குறைந்திருக்கிறது. இங்கிலாந்தின் டிரெவர் பேலிஸ் 1990-களில் செய்த சாவி கொடுக்கும் ரேடியோவும் அப்படித்தான் பிழைத்தது: கேட்பது கொஞ்சம், அதைக் கையே கொடுத்துவிடும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "ஆட்டுக்கல்லுல நான் அரைச்சதுக்கும் ஒரு கணக்குப் போடுங்க" என்றார். கிரைண்டர் வருவதற்கு முன் இருபது வருஷம் அரைத்தவர்.

மாமனார் உற்சாகமாகப் பேனாவை எடுத்தார். வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம், 50 வாட் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 5.2 யூனிட். இருபது வருஷத்துக்கு 104.

"வீட்டு உபயோகத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம்," என்றார். "பாக்கி நாலு. யூனிட் அஞ்சு ரூபான்னே வச்சுக்கோ, இருபது ரூபா. இந்தா."

அன்று ராத்திரி எங்கள் எல்லோருக்கும் பரோட்டா பார்சல். வாங்கி வந்தது மாமனார், சைக்கிளில்.